எங்கள் வீட்டு மேஜைக்கு ஒரு கேமிங் மானிட்டர் தேவையா?

கொஞ்சம் நீளமாகப் போகும். நடுவில் கணக்கும் வரும். கணக்கு என்றாலே ஓடுகிறவர்கள் (நம்ம கிளாஸில் பாதிப் பேர்) பத்தி பத்தியாகத் தாண்டிப் படிக்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

4கே கேமிங் மானிட்டர் வாங்கலாமா என்று யார் கேட்டாலும் நான் இப்போதெல்லாம் திருப்பி மூன்று கேள்வி கேட்கிறேன். உன் மேஜை எவ்வளவு ஆழம்? உன் லேப்டாப்பில் எச்டிஎம்ஐ எந்த வெர்ஷன்? ராத்திரி எட்டு மணிக்கு மேல் அந்த மேஜையில் யார் உட்காருவார்கள்? மூன்றாவது கேள்விக்கு எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எங்கள் வீட்டில் முடிவு அந்தக் கேள்வியில்தான் ஆனது.

கதைச் சுருக்கம் இதுதான். பெங்களூரில் வேலை பார்க்கும் பெரியப்பா பையனுக்கு வெளிநாட்டுக்கு மாற்றல். ரூமைக் காலி செய்யும்போது அண்ணனிடம் மிஞ்சியது ஒரு 27 இன்ச் 4கே கேமிங் மானிட்டர். 144 ஹெர்ட்ஸ், ஐபிஎஸ் பேனல், 2022இல் 46,000 ரூபாய்க்கு வாங்கியது. "மூணு வாரம் வச்சுப் பாரு. பிடிச்சா 22,000 குடு. இல்லன்னா இங்கயே கேட்டுக்கிட்டு ஒருத்தன் இருக்கான்" என்று சொல்லிவிட்டார். பெட்டியைப் போர்வையில் சுற்றி, பஸ்ஸில் திருவண்ணாமலை வரைக்கும், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் திருக்கோவிலூர் வரைக்கும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தோம். கண்டக்டர் அதற்கும் லக்கேஜ் டிக்கெட் போட்டார்.

22,000 என்பது என் ஒரு செமஸ்டர் கட்டணத்துக்கு ரொம்பப் பக்கத்தில் வருகிற தொகை. அதனால்தான் "சூப்பரா இருக்குப்பா" என்று சொல்லிவிட்டுப் போகாமல் மூன்று வாரமும் நோட்டுப் போட்டு எழுதினேன். பிராண்ட் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒரே ஒரு பீஸை, அதுவும் மூன்று வருஷம் ஓடியதை வைத்து ஒரு கம்பெனிக்கு மார்க் போடுவது நியாயமில்லை. நான் சொல்லப்போவது இந்த வகை மானிட்டர் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

முதலில் மேஜை. எங்கள் ஊர் இடைகழிக் கதை தெரியும்தானே? மழை ராத்திரி, இருட்டு, ஒரு குறுகலான இடம். ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம். மூன்று ஆழ்வார்கள் சந்தித்த அந்த இடத்தின் அளவுதான் எங்கள் கம்ப்யூட்டர் ரூமும் (நெருக்கத்தில் மட்டும்தான் ஒற்றுமை, வேறு எதிலும் இல்லை). அதில் ஒரு ஸ்டீல் மேஜை, ஆழம் 50 சென்டிமீட்டர். கேமிங் மானிட்டரோடு வந்த ஸ்டாண்டோ வாத்துக் கால் மாதிரி வி வடிவத்தில் 27 சென்டிமீட்டர் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றது. அதைச் சுவரோடு ஒட்டி வைத்தாலும் திரை சுவரிலிருந்து 20 சென்டிமீட்டர் முன்னால் வந்துவிட்டது. கீபோர்டுக்கு இடம் கிடைத்தது, கைக்கு இல்லை. கண்ணுக்கும் திரைக்கும் நடுவில் 48 சென்டிமீட்டர்தான். வேலரன்ட்டில் மேப் பார்க்க இடது பக்கம், புல்லட் எண்ணிக்கை பார்க்க வலது பக்கம் என்று டென்னிஸ் மேட்ச் பார்ப்பது போலக் கழுத்தைத் திருப்ப வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் கணக்கு. 27 இன்ச்சில் 3840 × 2160 என்றால் இன்ச்சுக்கு 163 பிக்ஸல். ஒரு பிக்ஸலின் அகலம் 0.156 மில்லிமீட்டர். நல்ல கண் பிரித்துப் பார்க்கக்கூடிய மிகச் சிறிய கோணம், ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு என்பது கண் டாக்டர்கள் வைத்திருக்கும் பொது அளவு. அந்த அளவை வைத்துப் போட்டால் 27 இன்ச் 4கேயில் சுமார் 54 சென்டிமீட்டருக்கு அப்பால் தனித்தனிப் பிக்ஸல் தெரியாது. 24 இன்ச் ஃபுல் எச்டியில் அதே எல்லை 95 சென்டிமீட்டர். அதாவது நம்ம ஹாஸ்டலில் எல்லோரும் வைத்திருக்கும் 24 இன்ச்சில் மேஜையில் உட்கார்ந்து பார்த்தால் பிக்ஸல் தெரிந்துகொண்டேதான் இருக்கும். பழகிவிட்டதால் கவனிப்பதில்லை. 32 இன்ச் 4கே என்றால் எல்லை 63 சென்டிமீட்டர். பெரிய மேஜை உள்ளவர்களுக்கு மட்டும்.

ஆக 48 சென்டிமீட்டரில் உட்கார்ந்து 4கேவைத் திட்டினால் அது 4கேயின் குற்றமில்லை. பின்பக்கம் 100 மில்லிமீட்டர் சதுரத்தில் நான்கு திருகு ஓட்டை இருக்கும், வெசா என்று பெயர், கிட்டத்தட்ட எல்லா மானிட்டருக்கும் பொது. எலக்ட்ரிக்கல் கடையில் டிவி மாட்டுகிற சின்ன பிராக்கெட் 350 ரூபாய். சுவரில் மாட்டியதும் 12 சென்டிமீட்டர் கிடைத்தது. கண்ணிலிருந்து 60. அம்மாதான், "ஏண்டி, இன்னும் வாங்கவே இல்ல, அதுக்குள்ள சுவத்துல ஓட்டையா?" என்றார். ஹாலில் இருக்கும் டிவியே 32 இன்ச்சுதான், இவளுக்கு மேஜைமேல் 27 இன்ச்சா என்பது அவருடைய அடிப்படைக் கேள்வி. அது இன்றுவரை நிலுவையில் இருக்கிறது.

இனி ஹெர்ட்ஸ். தம்பி குதித்தது இதற்குத்தான். பெட்டியில் 144 என்று இரண்டு இன்ச் உயரத்தில் அச்சடித்திருந்தார்கள். லேப்டாப்பைச் செருகினோம். செட்டிங்ஸில் 60தான் வந்தது. தம்பியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

மானிட்டர் கெட்டுவிடவில்லை. என் லேப்டாப்பில் இருப்பது ஜிடிஎக்ஸ் 1650, எச்டிஎம்ஐ 2.0. பெருக்கிப் பாருங்கள்: 3840 × 2160 பிக்ஸல், ஒவ்வொன்றுக்கும் 24 பிட், வினாடிக்கு 144 தடவை. 28.7 கிகாபிட் வருகிறது. எச்டிஎம்ஐ 2.0 ஒயரில் படத்துக்கென்று போகக்கூடியது 14.4 கிகாபிட்தான். டிஸ்ப்ளேபோர்ட் 1.4 என்றாலும் 25.92தான், அதுவும் போதாது. அதனால் டிஎஸ்சி என்று ஒரு சுருக்கும் முறையைப் பயன்படுத்தி அனுப்புகிறார்கள். எச்டிஎம்ஐ 2.1 வந்த பிறகுதான் அந்தப் பக்கம் நெருக்கடி தீர்ந்தது. கரும்பு லோடு ஏற்றிய டிராக்டரைச் சந்துக்குள் விடுகிற கதை. டிராக்டர் நல்ல டிராக்டர்தான், சந்து பத்தாது.

இந்தச் சந்துப் பிரச்சினை புதிதில்லை. 2001இலேயே ஐபிஎம் டி221 என்று 22.2 இன்ச்சில் 3840 × 2400 பிக்ஸல் உள்ள மானிட்டரைக் கொண்டுவந்தது. நம்மில் பலர் பிறக்கும் முன்பே! அதற்கு ஒரு கேபிள் போதாமல் பல கேபிள் செருகி ஓட்டினார்கள், அப்படியும் வினாடிக்கு நாற்பத்துச் சொச்சம் தடவைதான் படம் மாறியது. பிறகு 2018இல் ஏசஸ் பிஜி27யூக்யூ, 4கேயும் 144 ஹெர்ட்ஸும் சேர்ந்து வந்த முதல் வரிசை மானிட்டர்களில் ஒன்று. அதில் டிஎஸ்சி கிடையாது. 144 வேண்டுமென்றால் நிற விவரத்தைக் குறைத்துத்தான் அனுப்ப வேண்டும், எழுத்தின் ஓரமெல்லாம் கசங்கும். போதாததற்கு உள்ளே ஒரு ஃபேன் வேறு சுற்றும். இன்றைக்கு 4கேயில் 240 ஹெர்ட்ஸ் ஓஎல்இடி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் விதி ஒன்றுதான்: கார்டு, கேபிள், மானிட்டர் மூன்றில் எது சிறியதோ அதுதான் உங்களுக்குக் கிடைக்கும்.

என் லேப்டாப்பில் கிடைத்த வழிகள் இவை. 4கே, 60 ஹெர்ட்ஸ். அல்லது 1440பி, 144 ஹெர்ட்ஸ். அல்லது ஃபுல் எச்டி, 144 ஹெர்ட்ஸ். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஃபுல் எச்டி என்பது 4கேயில் சரியாகக் கால் பங்கு. ஒரு பிக்ஸலை 2 × 2 ஆக நான்கு பிக்ஸலில் காட்டினால் ஒரு துளி மங்கல் இல்லாமல் வர வேண்டும், இல்லையா? ஆனால் மானிட்டர் தானாகப் பெரிதாக்கும்போது ஓரங்களை இழைத்து, தயிரில் கடைந்த மாதிரி ஆக்கிவிடுகிறது. என்விடியா 2019இல் டிரைவரிலேயே முழு எண் பெருக்கல் வசதி கொடுத்தது, என் கார்டுக்கும் அது உண்டு. அதைப் போட்டால் படம் கத்தி மாதிரி வருகிறது. ஆனால் அப்போது கார்டு வெளியே அனுப்புவது 4கே, அதனால் 60 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். தெளிவு வேண்டுமா, வேகம் வேண்டுமா, ஒன்றைச் சொல். இந்த ஒரு விஷயத்தை எந்தக் கடைக்காரரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்.

தம்பி வேகத்தை எடுத்தான். 60 ஹெர்ட்ஸில் ஒரு படம் 16.7 மில்லிசெகண்ட் நிற்கிறது, 144இல் 6.9. இந்த வித்தியாசம் விளம்பர வித்தை இல்லை, நிஜம். மவுஸ் அம்பை வட்டமாகச் சுற்றிப் பார்த்தாலே தெரிகிறது. டெஸ்ட்யூஎஃப்ஓ தளத்தில் பறக்கிற தட்டை ஓடவிட்டால் 60இல் கோடாக இழுபடுகிறது, 144இல் உள்ளே இருக்கும் ஆளின் உருவம் புரிகிறது. ரெஸ்பான்ஸ் டைம் என்று மெனுவில் மூன்று நிலை இருந்தது. நடுவில் உள்ளதே நல்லது. உச்சத்தில் வைத்தால் '1 மில்லிசெகண்ட்' என்று பெருமை அடித்துக்கொள்ளலாம், ஆனால் ஓடுகிற ஒவ்வொன்றுக்கும் பின்னால் வெள்ளையாய் ஒரு பேய் நிழல் வருகிறது.

ஆனால் தம்பி அதிக நேரம் விளையாடியது எதை என்று நினைக்கிறீர்கள்? ஈஏ கிரிக்கெட் 07. 2006இல் வந்த கேம்! நாலு மடங்கு பிக்ஸல் கொடுத்ததும் பந்து வீசுகிறவரின் முகம் சப்பாத்தி மாவு மாதிரி இருப்பது நாலு மடங்கு தெளிவாகத் தெரிந்தது. "இதுக்கு பழைய மானிட்டரே தேவலாம், அதுல மூஞ்சி சரியாத் தெரியாது" என்றான். விமர்சனம் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

எச்டிஆர் பற்றி ஒரே பத்தி போதும். பெட்டியில் எச்டிஆர் 400 ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. வெசாவின் அந்தப் படிவரிசை 2017 கடைசியில் தொடங்கியது, 400 என்பது அதில் கீழ்ப்படி. உச்ச வெளிச்சம் 400 நிட் வந்தால் போதும், திரையின் ஒரு பகுதியை மட்டும் இருட்டாக்கும் வசதி தேவையில்லை. ஐபிஎஸ் பேனலின் கறுப்போ எப்போதும் கொஞ்சம் சாம்பல்தான். ராத்திரி லைட்டை அணைத்துவிட்டுப் பார்த்தால் மூலைகளில் விளக்கேற்றி வைத்த மாதிரி வெளிச்சம் கசிகிறது. எச்டிஆரை ஆன் செய்தேன், எல்லாம் வெளுத்தது, ஆஃப் செய்தேன். முடிந்தது.

செகண்ட் ஹேண்ட் மானிட்டர் பார்க்கிறவர்களுக்காக ஒன்று. முழுத்திரைக் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஐந்து படத்தை வரிசையாகப் போட்டுக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். இதில் வலது கீழ் மூலையில் ஒரு பிக்ஸல் செத்திருந்தது. 82.9 லட்சத்தில் ஒன்று. கடிகாரம் காட்டுகிற இடத்துக்குக் கீழே இருப்பதால் தேடினால்தான் தெரியும். ஆனால் தெரிந்த பிறகு கண் அங்கேயேதான் போகும், அது வேறு விஷயம்.

கரண்டுக்குப் பயந்தார் அம்மா. மீட்டர் பிளக் வைத்துப் பார்த்ததில் சாதாரண வெளிச்சத்தில் 45 வாட் காட்டியது. தினம் ஆறு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 16 யூனிட். அப்போது வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசமாக இருந்ததால் பெரிய அடி இல்லை. அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் வகை, அதனால் சாயங்காலம் எங்கள் தெருவில் ஃபேன் மெதுவாகச் சுற்றும்போதும் இது அசரவில்லை.

இதுவரைக்கும் சொன்னதைக் கூட்டிப் பார்த்தால் விடை 'வேண்டாம்' என்றுதான் வரும். என் கார்டில் 4கே கேமிங் ஓடாது. தம்பிக்கு 24 இன்ச் ஃபுல் எச்டி 144 ஹெர்ட்ஸ் போதும், புதிதாக வாங்கினாலும் இதைவிட எவ்வளவோ மலிவு. இரண்டாவது வாரம் என் நோட்டில் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன். ராத்திரி எட்டு மணிக்கு மேல் யார் உட்காருவார்கள் என்ற கேள்வி வந்தது அதற்கு அப்புறம்.

என் அப்பா பத்திர எழுத்தர். பகலில் சார்பதிவாளர் அலுவலகம் பக்கம், ராத்திரி வீட்டில். வீட்டு வேலை என்பது பெரும்பாலும் படிப்பதுதான். வில்லங்கச் சான்று, தாய்ப் பத்திரத்தின் ஸ்கேன் நகல், பட்டா, புலப்படம் என்று எல்லாமே இப்போது பிடிஎஃப். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது சாத்தனூர் அணையில் நொடிக்கு 1.68 லட்சம் கன அடி வரைக்கும் திறந்துவிட்டார்கள், தென்பெண்ணை எங்கள் பக்கம் வந்து நின்ற நிலையை ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆற்றோரத்து ஊர்களில் பீரோவோடு பத்திரம் நனைந்து போனவர்கள் பிறகு நகல் வாங்கிக்கொண்டு அப்பாவிடம் வந்தார்கள். "இதுல நம்ம நிலம் எது சாமி, படிச்சுச் சொல்லுங்க" என்று. ஐம்பது அறுபது வருஷத்துக்கு முந்தைய கையெழுத்து. மை ஊறிய தாள். அதை யாரோ எப்போதோ ஸ்கேன் செய்திருப்பார்கள். அப்பாவுக்கு வயது 54. இதையெல்லாம் அவர் படித்துக்கொண்டிருந்தது 18.5 இன்ச், 1366 × 768 பழைய மானிட்டரில்.

ஒரு நாள் நான் இல்லாத நேரத்தில் புதிய திரையில் ஒரு நகலைத் திறந்து வைத்துவிட்டார். நான் வந்து பார்த்தபோது கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். எதுவும் பேசவில்லை. மறுநாளும் எட்டு மணிக்கு அங்கேயே. தம்பி வாசலில் கன்ட்ரோலரோடு நின்றுகொண்டிருந்தான்.

ஏன் என்று கணக்குப் போட்டேன். ஒரு ஏ4 தாளை 200 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 1654 × 2339 புள்ளிகள். (பத்திரத் தாள் இன்னும் கொஞ்சம் நீளம், கணக்குக்கு ஏ4 என்றே வைத்துக்கொள்வோம்.) ஸ்கேனில் உள்ள ஒரு புள்ளிக்குத் திரையில் ஒரு பிக்ஸல் என்று காட்டினால் அப்பாவின் பழைய மானிட்டரில் பக்கத்தின் மூன்றில் ஒரு பங்குதான் உயரத்தில் தெரியும். அகலமும் முழுசாக வராது. ஃபுல் எச்டியில் பாதிக்கும் குறைவு. 4கேயில் 2339க்கு 2160. அடியில் இரண்டு விரல் தவிர முழுப் பக்கமும், ஒரு புள்ளிகூடச் சுருங்காமல். அதுவும் அசல் தாளைவிடச் சுமார் 20 சதவீதம் பெரிதாக! பக்கத்தில் மீதி இருக்கும் இடத்தில் பட்டாவைத் திறந்து வைத்துக்கொள்ளலாம்.

சொத்து விவரம் படிக்கிறவர்களுக்கு இது சாதாரண விஷயமில்லை. வடக்கே இன்னார் நிலம், கிழக்கே வாய்க்கால் என்று நான்கு எல்லையும் ஒரு பக்கத்தில் பரவிக் கிடக்கும். பழைய திரையில் பெரிதாக்கினால் வரி தொலைந்துவிடும், சிறிதாக்கினால் எழுத்து தொலைந்துவிடும். அதிலும் நம் எழுத்து இருக்கிறதே! ணவுக்கும் னவுக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம். ரவுக்கும் காலுக்கும் பல கையெழுத்தில் வித்தியாசமே இல்லை. ரொம்பப் பழைய பத்திரத்தில் தமிழ் எண்ணே வரும். ஒன்று கவைப் போல, ஏழு எவைப் போல, எட்டு அவைப் போல இருக்கும். ஒரு புள்ளி, ஒரு சுழி மங்கினால் ஆள் மாறிவிடுவான், நிலம் மாறிவிடும்.

மூன்றாவது வாரம் ஒரு பெரியவரின் நகல் வந்தது. ஒன்றரை ஏக்கர் புஞ்சை. உட்பிரிவு எண் 3ஆ 8ஆ என்று அப்பா பழைய மானிட்டரில் பார்த்து இரண்டையும் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். இதில் பார்த்தபோது எழுத்தின் இடது பக்கம் திறந்திருப்பது தெரிந்தது. 8 என்று காட்டியது அடுத்த பக்கத்து மை ஊறி வந்த கறை. மறுநாள் பட்டாவோடு ஒப்பிட்டார். 3தான். இதே வாரம் இன்னொரு நகலில் எவ்வளவு முயன்றும் ஒன்றும் புரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மட்டமாக ஸ்கேன் செய்ததை 8கே போட்டாலும் படிக்க முடியாது. அந்த வீட்டுக்காரர் அசலைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

சரி, அப்பாவுக்குத்தான் என்றால் கேமிங் மானிட்டர் எதற்கு? நியாயமான கேள்வி, நானே கேட்டுக்கொண்டேன். சாதாரண 27 இன்ச் 4கே, 60 ஹெர்ட்ஸ், புதிதாக மூன்று வருஷ வாரண்டியோடு வாங்கலாம். படிப்பதற்கு ஹெர்ட்ஸ் எதற்கு? 27 இன்ச்சுக்கு வரியிலும் லாபம் பார்க்க வழியில்லை. 32 இன்ச் வரைக்கும் 2019இலிருந்தே 18 சதவீதம்தான். 2025 செப்டம்பர் 22இல் 28லிருந்து 18 ஆகக் குறைந்தது அதற்கு மேல் உள்ளவற்றுக்கு. அண்ணன் கேட்ட 22,000க்கும் புதுசின் விலைக்கும் அதிக இடைவெளி இல்லை என்றால், வாரண்டி முடிந்துபோன, ஒரு பிக்ஸல் செத்த பொருளை எடுப்பது அசட்டுத்தனம்.

ஓஎல்இடி ஆசை உள்ளவர்களுக்கும் இதே இடத்தில் ஒரு வார்த்தை. கறுப்பு அபாரமாக இருக்கும். ஆனால் அதன் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் வழக்கமான வரிசையில் இல்லாததால் விண்டோஸில் எழுத்தின் ஓரத்தில் நிறம் பிசிறடிக்கும். 2025இல் வந்த 27 இன்ச் 4கே ஓஎல்இடிகளில் பிக்ஸல் நெருக்கம் கூடியதால் அந்தப் பிசிறு வெகுவாகக் குறைந்தது. விலையைப் பார்த்தால் நமக்குக் கண் பிசிறடிக்கும்.

ஆக ஒரே மேஜை, இரண்டு ஷிப்ட் என்பதுதான் எங்கள் வீட்டுக்குப் பொருந்திய கணக்கு. அப்பாவுக்கு 4கே, 60. தம்பிக்கு 1440பி, 144. இரண்டையும் ஒரே பெட்டியில் கொடுப்பது இந்த வகைதான். ஆனால் விலை 22,000 இல்லை. எனக்கு 18,000க்கு மேல் மனசு வரவில்லை. அதில் என் இன்டர்ன்ஷிப் பணம் 6,000, மீதி அப்பா.

போனில் பேசியது அப்பாதான். அண்ணனிடம் முதல் கேள்வியே, "பில்லு இருக்கா தம்பி?" பெட்டிக்குள் இருக்கிறது பெரியப்பா... இல்லை சித்தப்பா, என்று அண்ணனே தடுமாறிவிட்டார். அப்பாவின் குரல் வேலை நேரக் குரலாக மாறினால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அப்படித்தான். செத்த பிக்ஸலைச் சொன்னார், வாரண்டி தேதியைச் சொன்னார், 350 ரூபாய் பிராக்கெட்டைக்கூடச் சொன்னார். பத்து நிமிஷத்தில் 18,000க்கு முடிந்தது. டிஸ்ப்ளேபோர்ட் கேபிளும் சேர்த்து.

அதோடு விடவில்லை. வெள்ளைத் தாள் எடுத்து அண்ணனுக்கு அனுப்ப ஒரு ரசீது எழுதினார். விற்பவர், வாங்குபவர், தொகை எண்ணாலும் எழுத்தாலும். பொருளின் விவரம்: 27 அங்குல மானிட்டர் ஒன்று, அடாப்டர் ஒன்று, கேபிள் இரண்டு, ஸ்டாண்ட் ஒன்று (உபயோகத்தில் இல்லை). வில்லங்கம் என்ற இடத்தில் 'தென்கிழக்கு மூலையில் பிக்ஸல் ஒன்று' என்று எழுதியிருந்தார்.